மரம் அறுத்தவரும் மாடிப்படி ஏறியவரும்

இலண்டனில் மருத்துவம் பார்த்துவந்த வில்லியம் ஹெபர்டன், 1768ஆம் ஆண்டு அங்கிருந்த மருத்துவர் கல்லூரியில் ஒரு கட்டுரை வாசித்தார். நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போதும் உணவுண்டபின் நடக்கும்போதும், மார்பை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வலியைப் பற்றியது அக்கட்டுரை. நடையை நிறுத்தினால் வலியும் நின்றுவிடும் என்பதை அவர் கவனித்திருந்தார். அவ்வலிக்கு 'ஆஞ்சைனா பெக்டோரிஸ்' என்று அவர் இட்ட பெயர் இன்றளவும் மருத்துவ உலகில் வழங்குகிறது. 1772இல் அக்கட்டுரை அச்சேறியது.

ஹெபர்டன் 1801இல் மறைந்தார். அடுத்த ஆண்டில் அவருடைய மருத்துவக் குறிப்புகள் நூலாக வெளிவந்தன. அந்நூலில், நெஞ்சுவலியால் துன்புற்ற ஒருவரைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு செய்தி வருகிறது. நாள்தோறும் அரை மணி நேரம் மரம் அறுப்பதென்று அம்மனிதர் தமக்குத் தாமே ஒரு வேலையை விதித்துக்கொண்டாராம். ஏறத்தாழ முழுவதுமாகக் குணமடைந்தாராம்.

சிறிய இக்குறிப்பில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. நோயுற்ற இதயத்துக்கு உழைப்பே மருந்தாகலாம் என்பது ஒன்று. அம்மருந்தை நாள்தோறும் விடாமல் உட்கொள்ள ஒரு மனிதரால் முடிந்தது என்பது மற்றொன்று. முதற்செய்தியை மருத்துவம் முழுமையாக ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன. இரண்டாவது செய்தி எழுப்பும் கேள்வியோ இன்னும் தீரவில்லை. 'நடங்கள் என்று சொன்னேன், அவர் நடக்கவில்லை' என்று மருத்துவரும், 'நடக்கத்தான் வேண்டும், முடியவில்லை' என்று நோயாளியும் சொல்லாத நாளில்லை. இந்தக் குற்றம் யாருடையது என்பதை வரலாற்றின் துணைகொண்டு சற்றே ஆராய்வதுதான் இக்கட்டுரையில் நம் நோக்கம்.

ஆறு வாரப் படுக்கை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெபர்டனின் குறிப்புக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆதரவு கிடைத்தது. அயர்லாந்தின் டப்ளின் நகரத்து மருத்துவர் வில்லியம் ஸ்டோக்ஸ், 1854இல் வெளியிட்ட இதயநோய் நூலில், சமதரையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும் நடைப்பயிற்சியைப் பரிந்துரைத்தார். செருமனியில் மாக்ஸ் யோசெஃப் ஊர்டெல் என்பவர் 1880களில் 'நிலவழிச் சிகிச்சை' என்ற முறையைப் பரப்பினார். ஏற்றத்தின் அளவைக்கொண்டு தரம்பிரித்த மலைப்பாதைகளில் நோயாளியை மெல்ல மெல்ல ஏறச் செய்வது அம்முறை.

இருபதாம் நூற்றாண்டு இந்தப் போக்கைத் தலைகீழாக்கியது. சிகாகோ நகரின் ஜேம்ஸ் ஹெரிக் 1912இல் எழுதிய கட்டுரை, இதயத்தின் சொந்த இரத்தக்குழாயில் ஏற்படும் அடைப்பை உயிரோடிருக்கும் நோயாளியிடமே கண்டறியலாம் என்றும், அது எப்போதும் உடனே கொல்வதில்லை என்றும் காட்டியது. பிழைத்தவரை என்ன செய்வது? ஓய்வு கொடுப்பது. அடைப்பினால் இறந்துபோன தசை தழும்பாக இறுகும் முன்னர் நோயாளி அசைந்தால் இதயச் சுவர் கிழிந்துவிடும் என்ற அச்சம் மருத்துவர்களை ஆட்டிப்படைத்தது. 1939இல் பாஸ்டன் நகரில் மாலரி, வைட், சல்செடோ-சல்கர் ஆகிய மூவர், இறந்தோரின் இதயங்களை நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்து, காயம் ஆறப் பல வாரங்கள் ஆகும் என்று நிறுவினர். அச்சத்துக்கு அறிவியலின் முத்திரையும் கிடைத்துவிட்டது.

இதன் விளைவாக ஆறு வாரப் படுக்கை என்பது ஏறத்தாழச் சட்டமாயிற்று. நோயாளி தானே உண்ணலாகாது, செவிலி ஊட்டுவார். தானே புரண்டு படுக்கலாகாது. கழிப்பதும் படுக்கையிலேதான். ஆறு வாரம் கழித்து எழுந்தவர் நடக்கத் தள்ளாடினார். அது நோயின் கொடுமை என்றே எல்லாரும் எண்ணினர். படுக்கையின் கொடுமை என்று எண்ணினாரில்லை.

படுக்கை என்ன செய்யும் என்பதைப் பின்னர் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு காட்டிற்று. 1966இல் நோயேதுமில்லாத இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கவைத்து, அதன்பின் பயிற்சியும் கொடுத்து அளந்து பார்த்தனர். அவர்களுடைய உடல் உழைப்பின்போது பயன்படுத்தக்கூடிய உயிர்வளியின் உச்ச அளவு அந்த மூன்று வாரத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வீழ்ந்துவிட்டது. அதே ஐவரை முப்பது ஆண்டுகள் கழித்து, 1996இல், மீண்டும் அளந்தனர். முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட, இளமையில் மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே மிகுதியாக இருந்தது. நோயில்லாத இளைஞர்க்கே இந்நிலை என்றால், அடிபட்ட இதயத்தோடு ஆறு வாரம் கிடந்த முதியவரின் நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

நாற்காலியும் ஒரு குடியரசுத் தலைவரும்

இச்சட்டத்தை முதலில் மீறியவர்கள் பாஸ்டன் நகரத்துச் சாமுவேல் லெவினும் அவருடைய இளம் மாணவர் பெர்னார்ட் லவுனும் ஆவர். நீண்ட நாள் மல்லாந்து கிடப்பதால் கால்களில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலுக்குப் பயணித்து உயிரைக் குடிக்கும் என்பதை லெவின் கண்டிருந்தார். நோயாளியை நடக்கவிட வேண்டாம், ஒரு சாய்வு நாற்காலியிலாவது உட்காரவிடலாமே என்பது அவர் வாதம். மாரடைப்புக்குப் பின் ஓரிரு நாளிலேயே நோயாளிகளைத் தூக்கி நாற்காலியில் அமர்த்தினர். இவ்வாறு 81 பேருக்குச் சிகிச்சை அளித்த அனுபவத்தை 1952இல் வெளியிட்டனர். இம்முயற்சியின் தொடக்கத்தில் மருத்துவமனையின் இளநிலை மருத்துவர்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு எழுந்ததை லவுன் பின்னாளில் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஒரு மனிதரை நாற்காலியில் உட்காரவைப்பது அன்று கொலைக்குச் சமமாகக் கருதப்பட்டது!

மூன்றாண்டுகளில் இவ்விவாதம் மருத்துவமனைச் சுவர்களைத் தாண்டி உலகத்தின் காதுக்கு எட்டியது. 1955 செப்டம்பர் 24 அன்று, டென்வர் நகரில் விடுமுறையில் இருந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. செப்டம்பர் 26, திங்கட்கிழமை, நியூயார்க் பங்குச்சந்தை 6 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. பாஸ்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட இதயநோய் வல்லுநர் பால் டட்லி வைட், செய்தியாளர்களைக் கூட்டி எளிய மொழியில் நோயை விளக்கினார். 1939ஆம் ஆண்டின் ஆய்வில் பங்குகொண்டவராக மேலே நாம் குறிப்பிட்ட வைட் இவரேதான். காயம் ஆறப் பல வாரம் ஆகும் என்று கண்டறிந்த குழுவில் இருந்தவர், ஆறிய இதயத்தோடு மனிதன் ஓடியாடி வாழவேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தார். தாமும் மிதிவண்டி ஓட்டுவதில் பெருவிருப்பம் கொண்டவர். ஏறத்தாழ ஏழு வாரங்கள் கழித்து மருத்துவமனையை விட்டு வெளியேறிய ஐசனோவர், மீண்டும் கோல்ஃப் ஆடினார். 1956 நவம்பரில் மீண்டும் தேர்தலில் வென்றார். மாரடைப்பு வந்தவன் வாழ்க்கை முடிந்தது என்ற எண்ணத்தை நூறு ஆய்வுக் கட்டுரைகளைவிட இந்த ஒரு நோயாளி அதிகமாக அசைத்தார் எனலாம்.

மாடிப் பேருந்தின் படிக்கட்டு

நோயாளி எழுந்து நடக்கலாம் என்பது வேறு, நடப்பவனுக்கு நோய் வருவதே குறைவு என்பது வேறு. இரண்டாவதை உலகுக்குக் காட்டியவர் ஜெரி மாரிஸ்.

1910இல் பிறந்த மாரிஸ், கிளாஸ்கோ நகரத்து ஏழ்மையைக் கண்டு வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவ மருத்துவப் பிரிவில் இந்தியாவிலும் பணியாற்றியவர். போருக்குப்பின் பிரிட்டனில் மாரடைப்புச் சாவுகள் ஏன் பெருகுகின்றன என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். விடை தேட அவர் சென்ற இடம் ஆய்வுக்கூடமன்று, இலண்டன் பேருந்துப் பணிமனைகள்.

சென்னையில் ஒருகாலத்தில் ஓடிய மாடிப் பேருந்துகள் வாசகர்க்கு நினைவிருக்கலாம். இலண்டனில் அவைதாம் பெரும்பாலும் ஓடின. ஒரே வண்டியில் இருவர் பணி. ஓட்டுநர் பணிநேரம் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு கொடுக்கக் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்குமாக ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரு நாளில் அவர் ஏறும் படிகள் ஏறத்தாழ 600. இருவரும் ஒரே நகரத்தவர், ஒத்த ஊதியத்தினர், ஒத்த குடும்பச் சூழலினர். வேறுபாடு படிக்கட்டில் மட்டுமே. இயற்கையே அமைத்துத் தந்த சோதனை இது.

35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 31,000 போக்குவரத்துப் பணியாளர்களின் நோய்க்குறிப்புகளை மாரிஸ் குழுவினர் ஆராய்ந்தனர். 1953இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வெளியாயின. ஆண்டொன்றுக்கு ஆயிரம் ஓட்டுநரில் 2.7 பேருக்கு இதய இரத்தக்குழாய் நோய் கண்டது. நடத்துநரில் 1.9 பேருக்கே கண்டது. நடத்துநர்க்கு வந்தபோதும் அது பிந்திய வயதில் வந்தது. நோய் கண்டவுடன் மாளும் விகிதமும் அவர்களிடம் குறைவு. இது தற்செயலோ என்று ஐயுற்ற மாரிஸ், அஞ்சல் துறையையும் பார்த்தார். நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டுசென்றோரைவிட, மேசையில் அமர்ந்து பணியாற்றியோரிடமே நோய் மிகுந்திருந்தது.

மறுப்பு எழாமல் இல்லை. உடல் பருத்தவர்களே ஓட்டுநர் பணியைத் தேர்ந்திருக்கலாமே? இக்கேள்வியை மாரிஸ் தாமே எழுப்பினார். பணிக்குச் சேரும்போது வழங்கப்பட்ட சீருடைகளின் அளவுகளைத் தேடியெடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் காற்சட்டை இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாகத்தான் இருந்தது. 1956இல் அதையும் மறைக்காமல் வெளியிட்டார். ஆகவே பணியைக்கொண்டு மட்டும் முடிவு கட்டலாகாது என்று உணர்ந்து, அமர்ந்தே பணியாற்றும் அரசு அலுவலர்கள் பக்கம் திரும்பினார். அவ்வலுவலர்கள் வெள்ளி, சனி ஆகிய இரு நாள்களில் தாம் செய்தவற்றைத் திங்கட்கிழமை காலையில் எழுதித் தரவேண்டும். இவ்வாறு ஏறத்தாழ 17,000 ஆண்களிடம் திரட்டிய குறிப்புகளின் பயன் 1973இல் வெளிவந்தது. ஓய்வு நேரத்தில் நீச்சல், விரைநடை, தோட்டம் வெட்டுதல் போன்ற கடும் உழைப்பில் ஈடுபட்டவர்க்கு மாரடைப்பின் இடர், ஈடுபடாதாரைப்போல் மூன்றில் ஒரு பங்கே இருந்தது.

இந்த இரு ஆய்வுகளுக்கும் இடையே நிகழ்ந்த ஒரு மாற்றத்தை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். 1953ஆம் ஆண்டின் நடத்துநர் உடற்பயிற்சி செய்யவில்லை, வேலை செய்தார். படி ஏறாவிட்டால் அவருக்குச் சம்பளம் இல்லை. 'இன்று மழை, நாளை ஏறிக்கொள்ளலாம்' என்று அவரால் சொல்ல இயலாது. 1973ஆம் ஆண்டின் அலுவலருக்கோ உடலுழைப்பு வேலையிலிருந்து பிரிந்து, ஓய்வு நேரத்து விருப்பமாகிவிட்டது. விருப்பம் என்றான பிறகு அதை விட்டுவிடவும் முடியும். 'கைவிடாமை' என்பது ஒரு சிக்கலாக உருவெடுத்தது இந்தப் பிரிவில்தான் என்பது நம் துணிபு.

சேமிக்க இயலாச் செல்வம்

அமெரிக்காவில் இதே தடத்தில் சென்றவர் ரால்ஃப் பாஃபன்பார்கர். சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் மூட்டை சுமந்த 6,351 தொழிலாளர்களை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, கடும் சுமை தூக்கியோரிடம் இதயநோய்ச் சாவு குறைந்திருந்ததை 1975இல் வெளியிட்டார். அடுத்து அவர் எடுத்துக்கொண்டது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களை. 1978இல் வெளியான அவ்வாய்வில் 16,936 பேர் இடம்பெற்றனர்.

அதில் கண்ட ஒரு முடிவு நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. கல்லூரி நாளில் விளையாட்டு வீரராய்த் திகழ்ந்து, பிற்காலத்தில் உடலுழைப்பை விட்டவர்க்குப் பழைய வீரம் எந்தக் காப்பையும் தரவில்லை. மாணவப் பருவத்தில் மைதானத்தை எட்டிப்பாராமல், நடுவயதில் நடக்கவும் ஓடவும் தொடங்கியவர்க்கோ காப்பு கிட்டியது. பாஃபன்பார்கரே நாற்பதுகளின் நடுவில் ஓடத் தொடங்கிப் பின்னர் நெடுந்தொலைவு ஓட்டங்கள் பலவற்றில் பங்கேற்றவர். 1996இல் உலக ஒலிம்பிக் குழு விளையாட்டு அறிவியலுக்கென வழங்கிய பரிசை அவரும் மாரிஸும் பகிர்ந்துகொண்டனர்.

இச்செய்தியில் ஆறுதலும் உண்டு, அச்சமும் உண்டு. எப்போது தொடங்கினாலும் பயனுண்டு என்பது ஆறுதல். எப்போது விட்டாலும் பயன் போய்விடும் என்பது அச்சம். தடுப்பூசியைப்போல் ஒருமுறை எடுத்துக்கொண்டு மறந்துவிடக்கூடிய மருந்தன்று இது. அப்படியானால், மருந்தின் ஆற்றலைப் போலவே அதை விடாதிருத்தலும் மருத்துவத்தின் அக்கறையாக வேண்டுமல்லவா?

விட்டுப்போனவர்கள்

1970களில் மேலைநாடுகளில் இதயநோயாளிகளுக்கான பயிற்சித் திட்டங்கள் பெருகின. கிளீவ்லாந்தில் ஹெர்மன் ஹெலர்ஸ்டீன் அதற்கு முன்னரே வழிவகுத்திருந்தார். டொராண்டோவில் டெரன்ஸ் கவனாவிடம் பயிற்சிபெற்ற, மாரடைப்பிலிருந்து மீண்ட சிலர் 1973இல் பாஸ்டன் மாரத்தானிலேயே ஓடினர். செய்தித்தாள்கள் ஓடியவர்களைக் கொண்டாடின. வராமல் நின்றவர்களை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

அவ்வாறு எண்ணியவர்களுள் முதன்மையானவர் கனடாவின் நீல் ஓல்ட்ரிட்ஜ். ஒண்டாரியோ மாநிலத்தில் மாரடைப்பிலிருந்து மீண்ட 733 ஆண்களைக்கொண்டு நடந்த பெரும் ஆய்வொன்றில், ஏறத்தாழப் பாதிப்பேர் இடையிலேயே பயிற்சியை விட்டுவிட்டனர். கடும்பயிற்சிக் குழுவுக்கும் மென்பயிற்சிக் குழுவுக்கும் மறு மாரடைப்பில் வேறுபாடு காணப்படாமற்போனது. இத்தனை பேர் விட்டுச்சென்ற ஆய்வில் தெளிவான விடையை எதிர்பார்க்கவும் இயலாது. 1980களின் தொடக்கத்தில் இக்குழுவினர் வெளியிட்ட கட்டுரைகள், விட்டவர்கள் யார், ஏன் விட்டார்கள் என்று ஆராய்ந்தன. புகைபிடிப்போர், உடலுழைப்புத் தொழிலாளர், ஓய்வுநேரத்தில் அசையாதிருப்போர் ஆகியோர் மிகுதியாக விட்டனர். பயிற்சிக்கூடம் தொலைவில் இருந்தது, வேலை நேரம் ஒத்துவரவில்லை, பயிற்சி சலிப்பூட்டியது என்பன காரணங்கள். வீட்டில் மனைவியின் ஆதரவு இருந்ததா இல்லையா என்பதும் பெரிய காரணமாக இருந்தது.

இப்பட்டியலை நிதானமாகப் படித்தால் ஒன்று புலப்படும். இதில் சோம்பல் என்ற சொல்லுக்குரிய இடம் மிகச் சிறியது. தொலைவும் வேலைநேரமும் வீட்டாரும் சேர்ந்தே ஒருவரைப் பயிற்சிக்கூடத்தின் வாயில்வரை கொண்டுசேர்க்கின்றன, அல்லது தடுக்கின்றன.

பயிற்சியின் பயனோ அதற்குள் நிலைநாட்டப்பட்டுவிட்டது. 1988இல் ஓல்ட்ரிட்ஜ் குழுவினர் 10 ஆய்வுகளை, மொத்தம் 4,347 நோயாளிகளை, ஒருங்கே தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சியை உள்ளடக்கிய மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டோரிடம் இதயநோய்ச் சாவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இடையில் விட்டவர்களையும் கணக்கில் சேர்த்தே கிடைத்த பயன் இது என்பது கருதத்தக்கது.

வெற்று மாத்திரை சொன்ன பாடம்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. விடாமல் செய்தவர் பிழைத்தார், விட்டவர் மாண்டார் என்ற கணக்கை அப்படியே நம்பலாமா? நம்பலாகாது என்று காட்டியது, உடற்பயிற்சியோடு தொடர்பேயில்லாத ஓர் ஆய்வு.

மாரடைப்பு வந்த ஆண்களிடம் கொழுப்பு குறைக்கும் மருந்துகளைச் சோதித்த அமெரிக்க ஆய்வு அது. 1980இல் அதன் ஒரு பகுதி முடிவு வெளியாயிற்று. மருந்தை ஒழுங்காக உட்கொண்டோரில் ஐந்தாண்டில் 15.0 விழுக்காட்டினரும், ஒழுங்கின்றி உட்கொண்டோரில் 24.6 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். மருந்தின் வெற்றி என்று தோன்றுகிறதல்லவா? மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்ற குழுவையும் பார்த்தனர். வெற்று மாத்திரையை ஒழுங்காக விழுங்கியோரில் 15.1 விழுக்காட்டினரும், ஒழுங்கின்றி விழுங்கியோரில் 28.2 விழுக்காட்டினரும் மாண்டிருந்தனர்!

வெற்று மாத்திரை உயிர் காக்காது. அதை விடாமல் விழுங்க இயன்ற வாழ்க்கை எதுவோ, அதுவே உயிரையும் காத்திருக்க வேண்டும். நிம்மதியான வேலை, கவனிக்க ஆளுள்ள வீடு, முன்னரே ஓரளவு நலமான உடல், நாளை குறித்த நம்பிக்கை என்று அவற்றை நாம் ஊகிக்கலாம். கைவிடாமை என்பது மனவுறுதியின் அளவுகோல் மட்டுமன்று, ஒருவருக்கு வாழ்க்கை வழங்கியிருக்கும் வசதிகளின் அளவுகோலும் ஆகும்.

இந்த எச்சரிக்கையோடுதான் நம் நாட்டு ஆய்வொன்றையும் படிக்கவேண்டும். இந்தியாவின் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரிடம் யோகப் பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட மறுவாழ்வுத் திட்டம் சோதிக்கப்பட்டு, 2020இல் முடிவு வெளியானது. மூன்று மாதத்தில் 13 வகுப்புகள். மொத்தக் கணக்கில் மறு மாரடைப்பு, சாவு முதலியவற்றில் ஐயத்துக்கிடமில்லாத வேறுபாடு தெரியவில்லை. எனினும் தம் உடல்நலம் குறித்த மதிப்பீட்டிலும் பழைய வேலைகளுக்குத் திரும்புவதிலும் யோகக் குழுவினர் முன்னணியில் நின்றனர். பெரும்பான்மை வகுப்புகளுக்கு வந்தோரிடம் இடர் குறைந்தும் காணப்பட்டது. அது யோகத்தின் பயனா, வர இயன்றதன் அடையாளமா என்று பிரித்தறிவது எளிதன்று.

சென்னையில் ஒரு குறுஞ்செய்தி

நோய் வருமுன்னரே இடரில் இருப்போரைப் பற்றிய முக்கியமான ஆய்வுகள் சிலவற்றுக்குச் சென்னையே களம். மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். நீரிழிவு இதயநோய்க்குப் பெருவழி என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு வந்தது. உணவு, நடை ஆகியவற்றில் தொடர்ந்து வழிகாட்டப்பட்டோரில் 39.3 விழுக்காட்டினர்க்கே வந்தது.

அடுத்து அவர்கள், நேரில் வரச்சொல்வதற்குப் பதில் கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பினால் போதாதா என்று 537 ஆண்களிடம் சோதித்தனர். 2013இல் வெளியான முடிவின்படி, இரண்டாண்டில் குறுஞ்செய்தி பெற்றோரில் 18 விழுக்காட்டினர்க்கும், பெறாதோரில் 27 விழுக்காட்டினர்க்கும் நீரிழிவு வந்தது. ஆனால் அப்பயன் பெரிதும் உணவுப் பழக்கம் மாறியதால் விளைந்ததே, உடலுழைப்பு கூடியதால் விளைந்ததன்று என்று அதே குழுவினர் 2014இல் எழுதினர். தட்டில் இடும் சோற்றைக் குறைக்க ஒரு செய்தி போதுமானதாக இருந்தது. கால்களை வீதிக்குக் கொண்டுவர அது போதவில்லை. நடப்பதற்குப் பாதை வேண்டும், நேரம் வேண்டும், துணை வேண்டும். இவற்றைக் குறுஞ்செய்தியில் வைத்து அனுப்ப இயலாது.

எண்களாலும் சிலர் அஞ்சி விலகுவதுண்டு. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கு, 1965இல் ஜப்பானியக் கடிகார நிறுவனம் ஒன்று விற்ற அடிக்கணிப்பானின் பெயரிலிருந்து பரவியது. 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, முதிய பெண்கள் 16,741 பேரைக் கவனித்து, நாளுக்கு 2,700 அடி நடப்போரைவிட 4,400 அடி நடப்போரிடமே சாவு வெகுவாகக் குறைந்திருந்ததையும், 7,500 அடிக்குமேல் கூடுதல் பயன் தெரியாததையும் சுட்டியது. பத்தாயிரம் இயலவில்லையே என்று நான்காயிரத்தையும் விட்டுவிட்டோருக்கு இது நற்செய்தி. நெஞ்சுவலியோ இதயநோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குதல் வேண்டும் என்பதையும் மறவாமல் சொல்லிவைக்கிறோம்.

நான்காவது கூறு

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் ஓர் இலக்கணத்தோடு நிறைவுறுகிறது. மருத்துவம் என்பது நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து தருபவன் என நான்கு கூறுடையது என்கிறார் வள்ளுவர். அந்நான்காமவனுக்கு அவர் தரும் பெயர் உழைச்செல்வான். நம் வரலாற்றில் முதல் மூவரும் இருக்கிறார்கள். நோயாளி இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார், மரம் அறுத்தவர் நாள்தொட்டு மருந்தும் இருக்கிறது. நான்காமவர் யார்?

மாரிஸ் ஆராய்ந்த நடத்துநருக்கு அந்தப் படிக்கட்டே உழைச்செல்வானாக நின்றது. துறைமுகத் தொழிலாளிக்கு மூட்டை நின்றது. அவ்விரண்டும் பின்னர் மறைந்தன. கொள்கலன்களும் பாரந்தூக்கிகளும் வந்து மூட்டைகளை அகற்றின. ஓட்டுநரே பயணச்சீட்டும் தரும் பேருந்துகள் இலண்டனில் பரவி, 2005 டிசம்பர் 9 அன்று பழைய ரூட்மாஸ்டர் வண்டிகள் வழக்கமான தடங்களிலிருந்து விடைபெற்றபோது, படியேறும் நடத்துநரின் காலமும் ஏறத்தாழ முடிந்தது. சுமை குறைந்ததைக் குறைசொல்ல நாம் வரவில்லை. முதுகொடிந்த தொழிலாளியின் துன்பத்தை நலவாழ்வு என்று புனைவது அறமாகாது. ஆனால் உலகம் தன் வசதிக்காக மனிதனின் வழியிலிருந்து படிகளை எடுத்துவிட்டு, பிறகு 'நீ ஏன் படி ஏறவில்லை' என்று அவனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் அறமாகாது.

மாரிஸ் இதை உணர்ந்திருந்தார். உடற்பயிற்சியே பொதுநலத்துறையின் சிறந்த கொள்முதல் என்று 1994இல் எழுதிய அவர், 2000ஆம் ஆண்டில், தொண்ணூறு வயதில், நலமாக வாழ ஒரு மனிதனுக்குக் குறைந்தது எவ்வளவு வருமானம் தேவை என்று சக ஆய்வாளர்களோடு கணக்கிட்டார். உணவுக்கும் உறையுளுக்கும் மட்டுமன்றி, உடற்பயிற்சிக்கும் நண்பர் உறவுக்கும் ஆகும் செலவையும் அதில் சேர்த்தார். படிக்கட்டில் தொடங்கிய ஆய்வு கூலியில் வந்து முடிந்தது தற்செயலன்று. 2009 அக்டோபரில், நூறாவது வயதை எட்டச் சில மாதங்களே இருந்தபோது, அவர் மறைந்தார்.

அடுத்தமுறை நம் வீட்டுப் பெரியவர் நடையை விட்டுவிட்டார் என்று கடிந்துகொள்ளுமுன், சிலவற்றை நாம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டு வாயிலில் நடைபாதை இருக்கிறதா? மாலையில் தெருவிளக்கு எரிகிறதா? அவரோடு நடக்க ஒருவர் உண்டா? இவற்றுள் முதலிரண்டும் ஊராட்சியையும் நகராட்சியையும் சேர்ந்தவை, கேட்டுப் பெறவேண்டியவை. மூன்றாவதற்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நாமே உடன் இறங்கிவிடலாம்.